ரசீது எண் 212

கூட்டுவது, பெருக்குவது என் வேலை.
எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாலும் சரி.
பிரஸ்ஸல்ஸில் ட்ராம் வளைந்து திரும்பும் முனை,
மூன்றாம் மாடி, கணக்குப் பிரிவு.
போர் மூளுமுன் மணியடிப்பது
எங்கள் நிறுவனத்தின் தொழில்.
மணிக்குக் கயிறு வாங்கப் பணம் வேண்டும்.
நூறு யூரோவில் அறுபத்தொன்று
ஒரே அமைச்சகத்திலிருந்து வருகிறது,
மார்ச்சில் பாதி, செப்டம்பரில் பாதி,
எங்களிடம் ஒரு சொல்கூடக் கேட்காமல்.

நூர்ஸாத்தை நான் பார்த்ததில்லை.
கையெழுத்து மட்டும் தெரியும்.
பாத்கெனுக்கு அப்பால், அப்ரிகாட் தோட்டங்களுக்கு நடுவில்
இரண்டு நாடுகள் ஒரே வாய்க்காலில் குடிக்கும் இடம்.
மதகுக்கு இரண்டு பூட்டு.
இந்தக் கரையில் கிர்கிஸ் சாவி, அந்தக் கரையில் தாஜிக் சாவி.
எதிர்க்கரையில் மஹ்பூபா, கணித ஆசிரியை.
யார் வீட்டு ஓட்டில் கல் விழுந்தாலும்
இவர்கள் இருவரும்தான் முதலில்
ஒருவரையொருவர் அழைப்பார்கள்.
தொலைபேசிக் கட்டணம் மாதம் நான்கு யூரோ.
அது எத்தனை துப்பாக்கிகளைத் தூங்கவைத்தது என்று காட்ட
என் அட்டவணையில் பத்தி இல்லை.
நடக்காத போருக்கு ரசீது கிடையாது.

ஏப்ரலில் மதகின்மேல் ஏதோ பறந்துவந்து விழுந்தது.
நூர்ஸாத்தின் அறிக்கை, பதினோராம் பக்கம்:
சிதறிய தகட்டில் ஓர் எண்,
எண்ணுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை,
தொழிற்சாலைக்குப் பின்னால்
எங்கள் அறுபத்தொன்று.

யாரும் மிரட்டவில்லை.
சொன்னால் நம்பமாட்டார்கள்.
அமைச்சகத்தில் எவரும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவேயில்லை.
ஒரு வியாழக்கிழமை, காபியும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு
"இந்த ஆதாரம் போதாது" என்றார் யோரிஸ்.
"தொனி கொஞ்சம்..." என்றாள் இன்னொருத்தி.
"செப்டம்பர்" என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.
எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
நான் பிஸ்கட்டைக் காபியில் தோய்த்தேன்,
அது உடைந்து உள்ளே விழும்வரை.

பத்துக்கு அடுத்தது பன்னிரண்டு.
மாலைக்குள் பன்னிரண்டும் பதினொன்றாகிவிட்டது.

நக்குண்டார் நாவிழந்தார்.
அன்றிரவு பல் துலக்கும்போது
நாக்கை நீட்டிப் பார்த்தேன்.
இருந்தது. சிவப்பாக, ஆரோக்கியமாக.
இருபத்துமூன்று பேரின் வீட்டு வாடகையும்
அந்த நான்கு யூரோவும்
அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தன.

ஜூனில் உறை வந்தது.
கோபக் கடிதம் இருக்கும் என்று பிரித்தேன்.
செலவுச் சீட்டுகள் மட்டும்.
எண் 212. வாடகைக் கார், எழுநூறு சோம்.
"பயண நோக்கம்" என்ற குட்டிக் கட்டத்தில் தொடங்கி
இடம் போதாமல் ஓரத்தில் ஏறி
பின்பக்கம் திரும்பி எழுதியிருந்தாள்:
மதகில் விழுந்த தகட்டின் எண்ணைப் படமெடுக்க.
அந்த எண். செய்த ஊர்.
காயம்பட்ட இருவரின் பெயர், வயது.
சாட்சி: மஹ்பூபா, எதிர்க்கரை.

அறிக்கையைத் திருத்தினால் அது ஆசிரியர் குழு.
ரசீதைத் திருத்தினால் குற்றம்.
ஏழு ஆண்டு காக்கவேண்டும் என்கிறது
அமைச்சகத்தோடு போட்ட ஒப்பந்தம், பதினான்காம் பிரிவு.
அதை முழுக்கப் படித்தவர்கள் இந்த உலகில்
நானும், இப்போது தெரிகிறது, அவளும்.

எழுத்தில் படாமல் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தேன்.

நவம்பரில் அமைச்சகத்தின் தணிக்கையாளர் வந்தார்.
நல்ல மனிதர். சளி பிடித்திருந்தது.
212-ஐத் திருப்பினார், பின்பக்கமும் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு
மறுபடி படித்தார்.
நான் கூட்டிக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே கூட்டியதையே.

"சோமுக்கு அன்றைய மாற்று விகிதம் என்ன?"

சொன்னேன்.
பச்சை மையில் குறியிட்டு அடுத்த தாளுக்குப் போனார்.
சரிபார்க்கப்பட்டது என்று அதற்குப் பொருள்.

பெட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறது.
நூர்ஸாத்தின் அக்டோபர் ரசீதுகள்
இன்னும் வந்துசேரவில்லை.
நான்கு யூரோவை மட்டும்
தவறாமல் கட்டிவருகிறேன்.